கோட்டுக்கு அப்பன் பேர்

1

கடைப் பெண் கத்திரியைக் கையில் எடுத்ததும், "வேண்டாம், அது இருக்கட்டும்" என்றேன்.

பர்மிங்ஹாமில் ஆண்களுக்கான துணிக்கடை அது. கோட்டின் இடது கையில், பொத்தான்களுக்குச் சற்று மேலே, கம்பெனியின் பெயர் நெய்த சிறு துணிச் சீட்டு ஒன்று இருக்கும். கோட்டுகள் வரிசையாகத் தொங்கும்போது எது எந்தக் கம்பெனி என்று தெரிவதற்காக, மூலைக்கொரு தையல் போட்டு ஒட்டவைத்திருப்பார்கள். விற்றதும் அதன் வேலை முடிந்தது. கடையிலேயே வெட்டி எடுத்துவிடுவார்கள். மறந்துவிட்டால் நாம் வீட்டில் எடுத்துவிட வேண்டும். அந்தச் சீட்டோடு வெளியே போவது, விலை ஒட்டிய புதுச் செருப்போடு கல்யாணத்துக்குப் போவது மாதிரி.

"அதை எடுத்துவிட வேண்டும், ஐயா" என்று, காது மந்தமானவரிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள் அந்தப் பெண். எனக்குத் தெரியும் என்றேன். அவள் நம்பவில்லை. இந்த நாட்டில் இத்தனை காலம் இருந்தும், நேற்று விமானம் இறங்கியவனாக ஒரு சின்னப் பெண்ணின் கண்ணுக்குத் தெரிவது எனக்குச் சாதாரணமாகப் பிடிக்காது. அன்று பொறுத்துக்கொண்டேன். எனக்கு அந்தச் சீட்டு வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து, ஊசியில் கறுப்பு நூலை இரட்டையாகக் கோத்து, சீட்டின் நான்கு பக்கமும் நெருக்கமாகத் தைத்தேன். தானாக அவிழ்ந்து விழுந்துவிடக் கூடாது. பாதித் தையலில் என் மகள் கயல்விழி உள்ளே வந்தாள்.

"அப்பா, அது பிய்க்கறதுக்காகப் போட்ட நூல். ஏன் கெட்டியா தைக்கறீங்க?"

"உங்க பெரிய மாமாவுக்கு வாங்கினது."

"மாமாவுக்கு அது தெரியாதா?"

"தெரியாது."

"நீங்க சொல்லுவீங்களா?"

நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். கயல்விழியின் தமிழில் சொற்கள் கம்மி. அதனாலேயே சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

அன்று அவள் போட்டிருந்த குளிர்க்கோட்டு, யாரோ தர்மத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன பழசு. நல்ல உத்தியோகத்தில் இருந்தும் தர்மக் கடைகளில்தான் துணி எடுப்பாள். கம்பெனிப் பெயர் வெளியே தெரிந்தால் தையலைப் பிரித்து எடுத்துவிடுவாள். "நான் ஏன் அவங்களுக்கு விளம்பரப் பலகையா நிக்கணும்?" என்பாள். அவள் பிரித்துப்போடும் பெயர்களுக்காகத்தான் நான் பாதி வாழ்நாளைச் செலவழித்தேன். எதற்காக என்று அவளுக்கு அதுவரை சொன்னதில்லை. இந்த இதழில் மாதாமாதம் நான் எழுதும் குறிப்புகளை ஊரில் வாசிக்கிற உங்களுக்கும் சொன்னதில்லை. பனி, பேருந்து, மருத்துவமனை வரிசை என்று எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுவது நான் ஒரு மனிதரைப் பழிவாங்கக் கிளம்பிய கதை.

2

என் அப்பா முனுசாமி, நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது வீட்டைவிட்டுப் போனார். செங்கத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று பஸ் ஏறியவர் திரும்பவில்லை. காவி கட்டிக்கொண்டு மலையைச் சுற்றுகிறார் என்றார்கள் சிலர். பெங்களூரில் வேறு குடும்பம் என்றார்கள் சிலர். திருவண்ணாமலையில் காணாமல்போகிற ஆண்களுக்கு ஊர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கும். அம்மா பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்தாள். வகுப்பில் 'மு. ஞானவேல்' என்று கூப்பிட்டால், பின்வரிசை அந்த 'மு'வை மட்டும் மாடு கத்துவதுபோல் இழுத்துச் சொல்லும்.

படித்து முடித்துச் சென்னையில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் சேர்ந்த பிறகு எனக்கும் விஜயாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. விஜயாவின் அண்ணன் ஏழுமலை அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், எந்தக் கூட்டத்திலும் முதலில் சிரிக்கவைக்கிற வாய். எனக்கு மச்சான்.

அப்போது ஊரில் பிராண்ட் என்ற சொல் கிடையாது. முதலில் 'மார்க்' என்றார்கள். பனியனுக்கும் தீப்பெட்டிக்கும் அதே சொல்தான். பிறகு 'கம்பெனி' வந்தது. 'கம்பெனி சட்டை' என்றால் உசத்தி, 'லோக்கல்' என்றால் மட்டம். கம்பெனியா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, போட்டிருக்கிறவனின் பிடரிப் பக்கம் கைவைத்துக் காலரைப் புரட்டி உள்ளே இருக்கும் சீட்டைப் படிப்பது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தெரிந்தவர்கள் வணக்கம் சொல்கிற மாதிரி அதுவும் ஒன்று. மச்சான் பேச்சை நிறுத்தாமலே காலரைப் புரட்டிப் படித்துவிடுவார்.

எங்கள் ரிசப்ஷனுக்கு நான் கோட்டுப் போட ஆசைப்பட்டேன். கடையில் வாங்க வசதியில்லை. மூர் மார்க்கெட்டில் பழந்துணி விற்கும் இடத்தில் ஒரு கம்பளிக் கோட்டு கிடைத்தது. எந்த தேசத்தானுக்குத் தைத்ததோ, என் தோளுக்குச் சரியாக உட்கார்ந்தது. உள்கழுத்தில் சீட்டு இருந்த இடத்தில் மட்டும் சதுரமாக ஒரு நூல்தடம். யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

மேடையில் மாலையோடு நின்றபோது மச்சான் பின்னால் வந்தார். பிடரியில் விரல் பட்டது. காலர் புரண்டது.

"இன்னா மாப்ள, கோட்டுக்கு அப்பன் பேரே இல்லியே."

முன்வரிசை சிரித்தது. சிரித்தவர்களில் சிலருக்கு உடனே என் வீட்டுக் கதை நினைவுக்கு வந்து, சிரிப்பு பாதியில் நின்றது. சிரித்ததைக்கூட மறந்திருப்பேன். அது நின்ற விதத்தை மறக்க முடியவில்லை. அம்மா முன்வரிசையில் இருந்தாள். குனிந்து, காலடியில் விழாத எதையோ பொறுக்கினாள். மச்சான் அதற்குள் காபிக்குச் சொல்லப் போய்விட்டார்.

ஒருநாள் இந்த ஆளை இதேபோல் ஒரு மேடையில், இதேபோல் ஒரு கோட்டோடு நிறுத்த வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். அம்மா இறந்தபோது அந்த முடிவுக்கு வயது கூடியதே தவிர, வலு குறையவில்லை.

3

இங்கிலாந்துக்கு வர விண்ணப்பித்தபோது குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒன்று கிடையாது என்றேன். 'மு' என்பது என்ன என்றார்கள். ஒற்றை எழுத்தைப் பெயராக ஏற்க முடியாது, விரித்து எழுதுங்கள் என்றார்கள். விரித்து எழுதினேன். அன்றிலிருந்து வங்கியிலும் வரி அலுவலகத்திலும் பல் டாக்டரிடத்திலும் நான் மிஸ்டர் முனுசாமி. செங்கத்துக்கு பஸ் ஏறிய மனிதர் எனக்கு முன்னாலேயே இங்கிலாந்து வந்து நின்றுகொண்டார். முதல் வருஷம், காத்திருப்பு அறையில் "மிஸ்டர் முனுசாமி" என்று யாராவது கூப்பிட்டால், அவர் வந்திருக்கிறாரா என்று நான் சுற்றிப் பார்ப்பேன்.

கயல்விழிக்கும் அதுவே குடும்பப் பெயராயிற்று. தாத்தா எப்படிப்பட்டவர் என்று சின்ன வயதில் கேட்டாள். நல்லவர், சீக்கிரம் போய்விட்டார் என்றேன். இரண்டில் ஒன்று உண்மை.

முதல் குளிர்காலத்தில் தள்ளுபடியில் ஒரு கோட்டு வாங்கினேன். கடை மூடுகிற நேர அவசரத்தில் கைச் சீட்டை எடுக்காமல் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அது எடுக்க வேண்டியது என்று தெரியாது. கம்பெனிப் பெயரை எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிலேயே வைத்திருக்கிறார்கள், நல்ல ஊர் இது, யாரும் யார் பிடரியிலும் கைவைக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்க பஸ்ஸில் இடது கையால்தான் கம்பியைப் பிடித்தேன். வசந்தம் வந்த பிறகு நிறுத்தத்தில் ஒரு மூதாட்டி என் கையைத் தொட்டு, "உன் சீட்டு இன்னும் இருக்கிறது, கண்ணு" என்றாள். ஒரு பருவம் முழுக்க அலுவலகத்தில் ஒருவரும் சொல்லவில்லை. மரியாதையால் சொல்லவில்லையா, வேடிக்கை பார்த்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஒரு சின்னச் சீட்டால் மனிதனை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கோமாளியாக வைத்திருக்கலாம் என்று கற்றுக்கொண்டேன். அப்போதே மச்சானின் முகம் நினைவுக்கு வந்தது.

பிறகு நான் கம்பெனிகளைப் படித்தேன். மற்றவர்கள் கால்பந்துக் குழுக்களைப் படிப்பதுபோல. நகரத்தின் பெரிய தெருவில் 'ஹார்ட்டன் வேல்' என்று ஒரு கடை. அதன் கண்ணாடிக்கு முன்னால் எத்தனையோ மாலைகள் நின்றிருக்கிறேன். பதவி உயர்ந்ததும் அங்கே வாங்கத் தொடங்கினேன். குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்று ஹார்ட்டன் வேல் கோட்டுதான். அரசர் பரம்பரைக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வாய் சொன்னது. மனம், உள்கழுத்தில் சீட்டு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தக் கம்பெனி பிறகு கைமாறியது. கம்பளி மெலிந்தது, பொத்தான்துளைகள் பிசிறின. பெயர் மட்டும் அப்படியே. ஒரு கணக்கனுக்கு இது புரியாமல் இருக்குமா? புரிந்தது. ஆனாலும் வாங்கினேன். ஒரு கம்பெனி மேல் மனிதன் வைக்கிற மதிப்பு துணியின் தரத்தோடு ஏறி இறங்குகிறது என்று நினைக்கிறோம். என் விஷயத்தில், மச்சான் மேல் இருந்த கோபத்தோடு அது ஏறி இறங்கியது. ஓய்வு பெற்ற பிறகு, அந்தக் கோட்டுகளை எல்லாம் அலமாரியில் பூட்டிவிட்டு, விஜயா பின்னிக்கொடுத்த ஸ்வெட்டரிலேயே குளிர்காலங்களைக் கழிக்கிறேன். அதில் சீட்டு கிடையாது.

4

ஊருக்குப் போகும்போதெல்லாம் மச்சானுக்கு விலையுயர்ந்த சட்டை கொண்டுபோவேன். அது பாசம் என்று விஜயா நம்பினாள். பார், உன்னால் வாங்க முடியாததை நான் தூக்கிப் போடுகிறேன் என்பதுதான் அதன் பொருள். அது மச்சானுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஒருமுறை பையிலிருந்து எடுத்த கையோடு காலரைப் புரட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இன்னா மாப்ள, மேட் இன் இந்தியான்னு போட்டிருக்குது?"

"கம்பெனி அங்கத்தது மச்சான். தைக்கிறது மட்டும் இங்க."

"அப்ப திருப்பூர் சட்ட லண்டனுக்கு கிரிவலம் போயிட்டு வந்திருக்குது. புண்ணியம் ஜாஸ்தி. குடுங்க, போட்டுக்கறேன்."

வீடே சிரித்தது. விஜயாவும் சிரித்தாள். பர்மிங்ஹாமுக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் உண்டு என்றுகூட அவரிடம் நிலைநாட்ட முடிந்ததில்லை.

ரிசப்ஷன் பேச்சை நானே சில தடவை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். நினைவிருக்கிறதா மச்சான், அன்றைக்கு என் கோட்டைப் பார்த்து ஏதோ சொன்னீர்களே என்று. "இன்னா சொன்னேன்? சாம்பார்ல உப்பு கம்மின்னு சமையல்காரன சத்தம் போட்டேன், அது ஞாபகம் இருக்குது" என்றார். ஒருவனைக் குத்தியவனுக்குக் குத்தியது நினைவில்லை என்றால், குத்துப்பட்டவன் எங்கே போய் முறையிடுவது?

விஜயாவிடம் ஒரே ஒருமுறை சொன்னேன். "அண்ணன் வாய் அப்படி. மனசுல ஒண்ணும் இருக்காது. விட்டுடுங்க" என்றாள். அவள் இருந்தவரை விட்டிருந்தேன். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. போன மார்கழியில் மச்சான் தொலைபேசியில் பேசினார்.

"மாப்ள, தினேஷுக்குக் கல்யாணம். பொண்ணு வீடு பெங்களூரு. சம்பந்தி ஆம்பளைங்களுக்குன்னு ரெடிமேட் கடை வெச்சிருக்காரு, மூணு மாடி. நம்ம பக்கம் மட்டமா தெரியக் கூடாது. ரிசப்ஷனுக்கு எனக்கு ஒரு கோட்டு எடுத்துக்கினு வாங்க. கம்பெனி கோட்டா பாத்து எடுங்க. இந்த வயசுல இன்னா கோட்டுன்னு திட்டாதீங்க, ஒரே பேரன்."

மேடை, கோட்டு, கோட்டைப் பற்றி அறிந்த கூட்டம். எல்லாம் தானாகவே வந்து சேர்ந்தது. மறுநாளே ஹார்ட்டன் வேல் கடைக்குப் போனேன்.

5

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் மச்சானின் வீடு. வேட்டிக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றார். எண்பதைத் தொடும் வயதில் தோள் இறங்கியிருந்தது. கோட்டு கொஞ்சம் பெரிதாக இருந்தது. இடது கையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் எழுத்துக்கூட்டினார்.

"ஹார்ட்டன்... வேல். வேலா? உங்க பேரு போட்டிருக்குதே மாப்ள."

"வெள்ளைக்காரனுக்கு இன்னா தெரியும் வேலும் மயிலும்? அது வேற ஏதாவது இருக்கும்" என்றார் அவர் மனைவி சரோஜா அக்கா.

"நீ சும்மா இரு. மாப்ள, தினேஷு இத எடுத்துடணும்னு சொல்றான். எடுக்கணுமா, இருக்கணுமா?"

நேரடியான கேள்வி. அவ்வளவு தூரம் அவர் எனக்கு வழிவிட்டார். "எடுக்காதீங்க மச்சான். அங்க பெரிய மனுஷங்கல்லாம் இத வெச்சிக்கினுதான் போடுவாங்க" என்றேன்.

"அதானே. இவனுக்கு இன்னா தெரியும், ஐ.டி.ல உக்காந்துக்கினு. மாப்ள அங்கியே பழுத்தவரு."

ரிசப்ஷன் பௌர்ணமியில் விழுந்தது. கிரிவலக் கூட்டத்தால் பெண் வீட்டு பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பட்டுப்புடவையும் கோட்டுமாக அவர்கள் ஆட்டோ பிடித்தும் நடந்தும் வந்து சேரத் தாமதமானது. அதுவரை மச்சான் மண்டப வாசலில் நின்றார். வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, இடது கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொள்வார். சீட்டு சட்டைப்பை மேல் பதக்கம் குத்தினதுபோல் தெரிந்தது. நான் மூன்றாவது வரிசையில் மேடை நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். பாயசத்துக்குக் காத்திருக்கும் குழந்தையின் மனநிலை. அதை மறைக்க விரும்பவில்லை.

சம்பந்தி வந்தார். கைகுலுக்கும்போதே அவர் கண் கைவிளிம்புக்குப் போய்விட்டது. தொழில் பழக்கம். அவரோடு வந்த இளவட்டங்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். ஒருத்தி செல்போனில் படம் எடுத்தாள். மேடையில் இரு குடும்பமும் போட்டோவுக்கு நின்றபோது, சம்பந்தி பூக்காரரிடமிருந்து கத்திரியை வாங்கிக்கொண்டு தணிந்த குரலில்தான் சொன்னார். மைக் பக்கத்தில் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது.

"பெரியவரே, கையக் கொஞ்சம் குடுங்க. லேபிள் விட்டுப்போச்சு."

மச்சான் கையை இழுத்துக்கொண்டார். "விட்டுப்போகல. இருக்கணும்."

"இல்லீங்க. எனக்கு இதுதான் தொழிலே. வெட்டிட்டுத்தான் போடணும்."

சிரிப்பு எழுந்தது. நான் எதிர்பார்த்த அளவுக்கு, நான் எதிர்பார்த்த இடத்திலிருந்து. நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

"அதோ உக்காந்திருக்காரு பாருங்க, எங்க மாப்ள. லண்டன்காரரு. அவருதான் இருக்கணும்னு சொன்னாரு" என்று மச்சான் என்னை நோக்கிக் கையை நீட்டினார். சீட்டுள்ள கை. மொத்தக் கூடமும் திரும்பியது.

"லண்டன்ல இன்னா பண்ணாராம், ஓட்டல்ல கோப்பை கழுவினாரா?" என்றது பின்னால் ஒரு குரல். இப்போது சிரிப்பு என்னை நோக்கி வந்தது.

மச்சானின் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். "யாருய்யா அது?" என்றார். "அப்பன் இல்லாம வளந்து, ஆயா வேல பாத்தவங்க புள்ளயா இருந்து, தானே படிச்சி, அந்த ஊர்க்காரனுக்கே கணக்கு எழுதுன மனுஷன். அவரப் பாத்தா உனுக்கு சிரிப்பு வருது? கோட்டுல அவரு பேரு இருக்குது. எவனும் வெட்டக் கூடாது. சம்பந்தியே ஆனாலும் சரி."

மணப்பெண் தரையைப் பார்த்தாள். "தாத்தா, விடுங்க" என்றான் தினேஷ். சம்பந்தியின் உதடுகள் இறுகின. இன்னும் இரண்டு சொல் நடுவில் விழுந்தால் அந்த உறவு தொடக்கத்திலேயே விரிசல் விடும் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம் இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

எழுந்து மேடையேறினேன். "எனக்குத் தெரியாம சொல்லிட்டேன் மச்சான். அவங்க சொல்றதுதான் சரி" என்றேன். மறுபடி எழுந்த சிரிப்பைக் கேட்டபடியே சம்பந்தியிடமிருந்து கத்திரியை வாங்கினேன். மச்சான் மறுபேச்சில்லாமல் கையைக் கொடுத்தார்.

வெட்டினால் சீட்டு வரவில்லை. இரட்டை நூல், நெருக்கத் தையல். ஒவ்வொரு தையலாக அறுக்க வேண்டியிருந்தது. சம்பந்தி குனிந்து பார்த்தார். "இது கம்பெனித் தையல் இல்லியே. யாரோ கையால தச்சிருக்காங்க" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் கத்திரியைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பெரிய மனிதர், மேலே ஒன்றும் கேட்கவில்லை.

சீட்டு வந்துவிட்டது. கம்பளியில் வரிசையாக ஊசித்துளைகள். மச்சான் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். கூடத்தைப் பார்த்துப் பழைய மாதிரியே சிரித்தார்.

"போச்சு. இப்ப கோட்டுக்கு அப்பன் பேரே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள், சம்பந்தியும்தான். விரிசல் விடப்பார்த்த இடம் ஒட்டிக்கொண்டது. நான் அதே சொற்களைக் கேட்டபடி, உள்ளங்கையில் சீட்டோடு, மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்றேன்.

6

மறுநாள் இட்லி வைத்தபடி சரோஜா அக்கா சொன்னார்: "நேத்து கோச்சிக்கினீங்களா தம்பி? அவருக்குத் தெரிஞ்சது அந்த ஒரு ஜோக்குதான். மார்க் இல்லாத டார்ச் லைட்டுக்கும் அதத்தான் சொல்லுவாரு. எங்க கல்யாணத்துல எங்கப்பா குடுத்த கடியாரத்தப் புரட்டிப் பாத்துட்டு, இதுக்கு அப்பன் பேரு இல்லன்னாரு. எங்கப்பா எதிர்லயே."

மனம் லேசாகியிருக்க வேண்டும். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. என் இளமையைத் தின்ற சொல், என்னைக் கடல் தாண்ட வைத்த சொல், டார்ச் லைட்டுக்கும் சொல்லப்பட்ட சொல்லா? அப்படியென்றால் நான் இத்தனை வருஷம் யாரோடு சண்டை போட்டேன்?

திரும்பி வந்ததும் கயல்விழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முனுசாமி யார் என்பதையும் சேர்த்து.

"அப்ப, ஓடிப்போனவர் பேரையா நான் போட்டுக்கிட்டிருக்கேன்?"

"ஆமாம்."

"நல்லாத்தான் இருக்கு. நான் எடுக்க மாட்டேன்" என்றாள். கண்ணில் படும் பெயரையெல்லாம் பிரித்துப்போடுகிறவள். பிறகு, "மாமா கிட்ட உண்மையச் சொல்லிட்டீங்களா?" என்றாள். இல்லை, இதழில் எழுதப்போகிறேன் என்றேன். "எல்லாரும் படிக்கற எடத்துலயா? அதுவும் பழிவாங்கறதுதானே அப்பா?"

இருக்கலாம். இந்த இதழ் மச்சான் வீட்டுக்கும் மாதம் தவறாமல் போகிறது. என் குறிப்புகள் வரும் பக்கத்தை முதலில் பிரிப்பார் என்று அக்கா சொல்லியிருக்கிறார். ஆகவே இனி அவரிடம் பேசுகிறேன்.

மச்சான், அந்தச் சீட்டை எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தினேஷ் சொன்னது சரி. நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன். உங்களைப் பார்த்துக் கூட்டம் சிரிக்க வேண்டும் என்று, இரட்டை நூல் கோத்து நானே தைத்தேன். நீங்கள் எனக்காகச் சம்பந்தியிடம் சண்டைக்குப் போனீர்கள். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அன்று என் ரிசப்ஷன் மேடையில் காலரைப் புரட்டியபோது, எதிரில் என் அம்மா உட்கார்ந்திருந்தது உங்களுக்குத் தெரிந்ததா? டார்ச் லைட்டுக்குச் சொன்ன மாதிரிதான் எனக்கும் சொன்னீர்களா? எந்தப் பதில் வந்தால் எனக்குத் தூக்கம் வரும் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த முறை வரும்போது விஜயா பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வருகிறேன். உள்ளே ஒரு பெயரும் இருக்காது. புரட்டிப் பாருங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். இந்தத் தடவை பின்னால் நின்று சொல்லாதீர்கள். முன்னால் வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.